கண்ணும் ஒரு கால்தான்

சரோஜினி நகர் பிள்ளையார் கோவிலில் சாயங்கால தீபாராதனையின்போது ஒரு நாள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பாருங்கள். சாமியைப் பார்க்க அல்ல, சாமி கும்பிடுகிறவர்களைப் பார்க்க. பிள்ளையார் பெரிய மனசுக்காரர், கோபித்துக்கொள்ள மாட்டார். மணி அடிக்கும், கற்பூரம் ஏற்றுவார்கள், எல்லோரும் கைகூப்பிக் கண்களை மூடிக்கொள்வார்கள். அந்த அரை நிமிஷம்தான் கவனிக்க வேண்டியது. இளவட்டங்கள் நட்டு வைத்த கம்பம்போல நிற்கும். எழுபதைத் தாண்டியவர்கள் மெல்ல முன்னும் பின்னும் ஆடுவார்கள். சிலர் சட்டென்று கண்ணைத் திறந்து தூணைத் தேடுவார்கள். சிலர் பக்கத்தில் நிற்கும் பேரன் தோளைப் பற்றிக்கொள்வார்கள்.

பக்திப் பரவசம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு வேறு காரணமும் உண்டு என்பது என் அம்மா விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் குடும்பம் இந்தப் பேட்டைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சரோஜினி நாயுடுவின் பெயரைச் சூட்டுவதற்கு முன் இதற்கு வினய் நகர் என்று பெயர். எங்களுடையது பழைய காலத்து சர்க்கார் குவார்ட்டர்ஸ். பின்பக்கம் ஒரு வேப்ப மரம், வாசலில் அம்மாவின் துளசித் தொட்டி. 2016ஆம் ஆண்டு தில்லியின் ஏழு சர்க்கார் காலனிகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த ஏழில் சரோஜினி நகரும் ஒன்று. எங்கள் பிளாக்குக்கும் ஒரு நாள் முறை வந்தது. துளசித் தொட்டி உட்பட எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு, அதே சரோஜினி நகரில் வேறொரு பிளாக்குக்குக் குடிபெயர்ந்தோம்.

பழைய வீட்டில் அம்மாவுக்கு விளக்கே தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தாலும் ஸ்விட்சைத் தொட மாட்டாள். கட்டிலிலிருந்து ஒன்பது அடி, இடது கையில் கதவு நிலை, அப்புறம் ஒரு படி இறக்கம். எல்லாம் மனப்பாடம். "லைட் எதுக்குடா, மீட்டர் ஓடறது" என்பாள். எழுபத்தைந்து வயதிலும் அம்மா இருட்டில் இப்படி நடமாடுகிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஆபீஸில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

புது வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் தீபாவளி. விடியற்காலை நாலரை மணி. வழக்கம்போல அம்மாதான் முதலில் எழுந்தாள். எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டு, தானும் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். கீஸர் வெந்நீரில் பாத்ரூம் முழுக்க ஆவி. கூரையில் ஒரு மங்கலான பல்பு. சீயக்காய் கண்ணில் இறங்கிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நின்றபடியே தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவளுக்கு லேசாகத் தள்ளியிருக்கிறது. பிடித்துக்கொள்ள இடது கையை நீட்டியிருக்கிறாள். பழைய வீட்டில் இடப்பக்கம்தான் குழாய். புது வீட்டில் வலப்பக்கம். கை வெற்றிடத்தைப் பிடித்தது.

இடுப்பு எலும்பு முறிவு. அன்று காலை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஊரிலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: "என்ன, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

அதற்கு அன்று என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். மற்றவர்களெல்லாம் "தரை வழுக்கியதா, தலை சுற்றியதா, பிரஷர் மாத்திரை சாப்பிட்டாரா" என்று கேட்டபோது, அவள் மட்டும் வேறொரு கேள்வி கேட்டாள்: "விழுந்தப்போ பாட்டி கண்ணை மூடியிருந்தாங்களா?"

சில வாரங்கள் கழித்து, அம்மா பிடிமானமில்லாமல் நிற்க ஆரம்பித்ததும், அந்தப் பெண் ஒரு சோதனை செய்து காட்டினாள். பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னாள். தானே அருகில் இரு கைகளையும் விரித்துக் காவலாக நின்றுகொண்டாள். கண் திறந்திருந்தபோது அம்மா அரை நிமிஷம் நன்றாகவே நின்றாள். "இப்போ கண்ணை மூடுங்க பாட்டி" என்றதும், ஐந்து எண்ணுவதற்குள் உடம்பு சாய ஆரம்பித்துவிட்டது. அவள் பிடித்துக்கொண்டாள். "பாட்டி காலால மட்டும் நிக்கல, கண்ணாலயும் நிக்கறாங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் யாரும் அசையாமல் நிற்பதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குக் கனமெல்லாம் அடியில். எப்படித் தள்ளினாலும் தானே நிமிர்ந்துவிடும். மனித உடம்பு அதற்கு நேர்மாறு. கனமெல்லாம் மேலே, தாங்குவதோ இரண்டு சின்னப் பாதங்கள். சிறு வயதில் துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது இந்தப் பக்கம் சாய்ந்தால் கையை இந்தப் பக்கம் நகர்த்துவோம், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம். நிற்பதும் அப்படித்தான். ஒவ்வொரு கணமும் உடம்பு கொஞ்சம் சாய்கிறது, கணுக்கால் தசைகள் அதை இழுத்து நிறுத்துகின்றன. இந்த ஆட்டம் மிகச் சிறியது என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? மூன்று பேர் சொல்கிறார்கள். முதலாவது பாதமும் மூட்டுகளும்: உள்ளங்காலில் எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்தி. இரண்டாவது உட்செவி: அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் தலை திரும்புவதைச் சொல்கிறது, அதையொட்டிய பைகளில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் தலை சாய்வதைச் சொல்கின்றன. மூன்றாவது கண்: எதிரே இருக்கும் சுவரும் கதவும் தூணும் சற்றே நகர்வதுபோலத் தெரிந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை புரிந்துகொள்கிறது.

நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கிறார்கள். ஒருவர் சம்பளமில்லாத லீவில் போனால் குடும்பம் தடுமாறாது, மற்ற இருவர் சமாளித்துவிடுவார்கள். இளம் வயதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது இப்படிப்பட்ட லீவு. ஆட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அதே வீட்டில் இரண்டு பேர் ஏற்கனவே அரைச் சம்பளத்தில் இருந்தால்? மூன்றாவது ஆள் ஒரு நாள் லீவு போட்டாலும் அடுப்பு எரியாது. வயதான உடம்பில் நடப்பது இதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. பெர்லின் நகரத்து மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க் 1840களிலேயே இதை எழுதிவைத்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் காலின் உணர்ச்சியை இழந்த நோயாளிகள், பார்த்துக்கொண்டிருக்கும்வரை நிற்கிறார்கள், கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறார்கள் என்று கவனித்தார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் செய்தது அவர் பெயரால் இன்றும் வழங்கும் சோதனைதான். இந்த மாதிரி நோயாளிகள் தங்கள் கஷ்டத்தை முதலில் உணர்வது பெரும்பாலும் முகம் கழுவும்போது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாஷ்பேசின் முன் குனிந்து, சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் முன்னால் சாய்ந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் வாஷ்பேசினோடு சீயக்காயும் இருக்கிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

கண்ணின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு இன்னொரு சான்று. எடின்பரோ பல்கலைக்கழகத்து டேவிட் லீ 1970களில் ஒரு விசித்திரமான அறையைப் பயன்படுத்தினார். தரை அசையாது. சுவர்களும் கூரையும் மட்டும் ஊஞ்சல்போல ஒன்றாக நகரும். புதிதாக நிற்கவும் நடக்கவும் பழகிய குழந்தைகளை அதற்குள் நிறுத்தி, சுவரை அவர்களை நோக்கி நகர்த்தினார்கள். தரை அசையவில்லை, யாரும் தொடவில்லை. ஆனாலும் பல குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் பின்பக்கம் தொப்பென்று விழுந்தே விட்டார்கள். தாங்கள் முன்னால் சாய்கிறோம் என்று கண் சொன்னதை நம்பி, பின்னால் சாய்ந்ததன் பலன். சுவர் சில மில்லிமீட்டர் நகர்ந்தபோதும் பெரியவர்களின் உடம்பு தங்களை அறியாமல் கூடவே ஆடியது.

இதற்கு எடின்பரோ போக வேண்டியதில்லை. புதுதில்லி ஸ்டேஷனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால், நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் தோன்றுமே, அதுவும் இதே கதைதான்.

இப்போது நம் வீட்டுப் பெரியவர்களின் சம்பளக் கணக்கைப் பார்ப்போம்.

பாதம்: 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்தால் உள்ளங்கால் நரம்புகள் மரத்துப்போகக்கூடும். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லும் மாமாக்கள் உங்கள் பிளாக்கிலும் இருப்பார்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும் காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை கெடும். சுத்த சைவக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். போதாததற்கு தில்லிக் குளிர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டுக்குள்ளேயே கம்பளி சாக்ஸ். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மெத்தை, மொசைக் தரையில் வழுக்கல் வேறு.

உட்செவி: வயதாக ஆக இதுவும் தேய்கிறது. இதற்கு மாத்திரை போட்டு இளமையைத் திருப்ப முடியாது.

ஆக இரண்டு பேர் அரைச் சம்பளம். பாரமெல்லாம் கண்ணின் தலையில். அந்தக் கண்ணுக்கு நாம் என்ன செய்கிறோம்? விளக்கை அணைக்கிறோம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெரியவர்கள் விழுந்தால் நாம் காலைத்தான் பார்க்கிறோம். கைத்தடி வாங்குகிறோம், முழங்காலுக்குத் தைலமும் பட்டையும் வாங்குகிறோம், "பார்த்து நடக்கக் கூடாதா" என்று கோபித்துக்கொள்கிறோம். பார்த்து நடப்பதற்கு வேண்டிய வெளிச்சத்தையும் பார்வையையும் மட்டும் கொடுப்பதில்லை. "வயசானா விழத்தான் செய்வா" என்று ஒரு சமாதானம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். சாவில் முடியும் விழுகைகள் அறுபது வயதைத் தாண்டியவர்களிடையேதான் அதிகம். இதை விதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

விழுவதற்குக் கண் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, காலில் பலமின்மை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு டாக்டர் வேண்டும், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஒரு பல்பு மாட்ட அரை மணி நேரம் போதும்.

என் முதல் தவறு, என் கண்ணை வைத்து அம்மாவின் வெளிச்சத்தை அளந்தது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்கு எட்டும் வெளிச்சத்தில் அறுபது வயதுக்காரருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எட்டுகிறது. எனக்கு "போதும்" என்று தோன்றிய பல்பு அம்மாவுக்கு அமாவாசை. இருட்டுக்குக் கண் பழகவும் அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. அம்மா விழுவதற்கு இரண்டு வருஷம் முன்பே இரு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். "முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான். முதலில் பெண்ணின் கல்யாணம், அப்புறம் வீடு மாற்றம். புரை முத்த வேண்டும் என்பது பழைய சிகிச்சை முறைக் காலத்துப் பேச்சு. அன்று ஆபரேஷனுக்குப் பின் சோடாப் புட்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திண்டாட வேண்டும். அதனால் பார்வை மிகவும் மங்கும்வரை காத்திருந்தார்கள். இன்று உள்ளேயே லென்ஸ் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் அதுவே சமயம். முற்றவிட்டால் ஆபரேஷன் கடினமாகலாம்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் எழுபது வயதைத் தாண்டிய 306 பெண்களிடம் இதைச் சோதித்து, 2005ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு முதல் கண் புரை ஆபரேஷனைச் சில வாரங்களிலேயே செய்தார்கள். மறு பாதிப் பேர் வழக்கம்போலச் சுமார் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில், ஆபரேஷன் ஆனவர்கள் விழுந்தது 34 சதவிகிதம் குறைவு. எலும்பு முறிவும் குறைவு. காலுக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை, கண்ணைத் திறந்துவிட்டதற்கே இந்தப் பலன்.

இந்த விஷயத்தில் நமக்கு வசதிக் குறைவு என்று சொல்ல வாயில்லை. நம் பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் எய்ம்ஸ். அதிலுள்ள ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 1967ல் தொடங்கியது. ஊர்ப்பக்கம் போனால், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் பதினோரு படுக்கைகளுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த நிறுவனம். ஏழைகளுக்கு இலவசமாகவும் செய்கிறார்கள். குறை வசதியில் இல்லை, "முத்தட்டும்" என்கிற நம் வாயில்தான் இருக்கிறது.

கண்ணாடி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாகச் சேர்த்துச் செய்த கண்ணாடியுடன் படி இறங்கும்போது, கீழ்ப்பாதி வழியாகத்தான் படி தெரியும். அது கைக்கெட்டும் தூரத்துக்கான லென்ஸ், படியின் விளிம்பு மங்கும். வெளியே அதிகம் நடமாடுகிறவர்கள் நடப்பதற்கென்று தனியாக ஒரு தூரப்பார்வைக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாமா என்று கண் டாக்டரைக் கேட்பது நல்லது. புதுக் கண்ணாடி வந்த முதல் சில வாரங்களும் ஜாக்கிரதை தேவை. பவர் திடீரென்று மாறினால் தரையின் தூரமும் மாறித் தெரியும்.

மூன்றாவது தவறைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டுக்குள் நடக்கும்போது சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டே போகும் வழக்கம். புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த புதிது. இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. "சுவரைத் தொடாதேம்மா, கறை படியறது" என்று நான்தான் சொன்னேன். அவளும் விட்டுவிட்டாள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: விரல் நுனி லேசாகப் பட்டாலே போதும், உடம்பின் ஆட்டம் கணிசமாகக் குறையும். சாய்ந்து தாங்க வேண்டியதில்லை. 1990களில் அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடியவருக்கு அந்த விரல் நுனி ஏறக்குறைய கண்ணைப்போலவே உதவுகிறது. அம்மா சுவரை அழுக்காக்கவில்லை, இருக்கிற மூன்று உத்தியோகஸ்தர்கள் போதாமல் நாலாவது ஆளை வேலைக்கு வைத்திருந்தாள். நான் அந்த ஆளையும் வேலையைவிட்டு நீக்கினேன்.

ஆகவே, வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

ராத்திரி கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எல்.இ.டி. பல்பு ஒன்று இரவெல்லாம் எரிந்தால் ஆகும் செலவு, ஒரு நாள் ஆஸ்பத்திரி ஆட்டோ சார்ஜுக்கு மாதக்கணக்கில் வரும். பாத்ரூமில் பளிச்சென்ற விளக்கு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். தலைக்குக் குளிப்பதானால் உட்கார்ந்தே குளிக்க வேண்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. படியின் விளிம்பில் மஞ்சளோ வெள்ளையோ ஒரு பட்டை அடியுங்கள். வீடு மாறினால் முதல் வாரம் பெரியவர்களைப் பகலில் நாலு தடவை வீட்டைச் சுற்றி நடக்க வையுங்கள். பழைய வீட்டின் மனப்பாடம் புது வீட்டில் எதிரியாகிறது.

அடுக்குமாடிகளுக்குக் குடிபோகிறவர்களுக்கு இன்னொன்று. தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் வாழ்ந்து பழகியவர்கள் பத்தாவது மாடிப் பால்கனியில் நின்றால் தள்ளுகிறது என்பார்கள். அது வெறும் பயமல்ல. கண் தன் ஆட்டத்தை அளக்கப் பக்கத்தில் அசையாத பொருள் வேண்டும். எல்லாம் வெகு தூரத்தில் இருந்தால் நம் சிறு ஆட்டம் கண்ணுக்குப் பிடிபடாது, ஆட்டம் கூடும். பார்வையில் படும்படி பக்கத்திலேயே பூந்தொட்டிகள் வையுங்கள், அம்மாக்களுக்குத் துளசிக்கும் இடமாயிற்று.

பொது இடங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில இடங்களில் தீபாராதனை நன்றாகத் தெரிய வேண்டும் என்று மின்விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருட்டில்தான் எழுபது வயதுக்காரர் கண்ணையும் மூடிக்கொண்டு, வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நிற்கிறார். ஓரமாக இரண்டு விளக்கு எரிந்தால் சாமிக்கு ஒரு குறையும் வராது. முதியவர்கள் நிற்கும் இடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, நாலு நாற்காலி. மார்கழிக் காலையில் தில்லியில் ஏழு மணிவரை இருட்டும் பனிமூட்டமும்தான். பஜனைக்கு வருகிறவர்களுக்குச் செருப்பு விடும் இடத்திலும் படியிலும் வெளிச்சம் வேண்டும். அரங்குகளில் நாடகம் தொடங்கிய பின் இருட்டில் இருக்கை தேடும் பெரியவர்களுக்கு, டார்ச்சுடன் ஒரு தொண்டர் போதும். இவை எதற்கும் நன்கொடை வசூல் தேவையில்லை, நினைப்புதான் தேவை.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த வருஷமே இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தோம். கட்டு அவிழ்த்த அன்று அவள் முதலில் பார்த்துச் சொன்னது, "வீடு இவ்வளவு அழுக்கா இருக்கே, யாருமே சொல்லலையே!" வாக்கருடன் மெல்ல நடக்கிறாள். பழைய ஓட்டம் இனி வராது. அந்தத் தீபாவளிக் காலையை என்னால் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. சுவரில் மறுபடி கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. இந்தத் தடவை பெயிண்ட் அடிக்க நான் சம்மதிக்கவில்லை.

போன சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார் கோவிலுக்கு அழைத்துப் போனேன். தீபாராதனையின்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அம்மா மட்டும் தூணில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, கண்ணை அகல விரித்துப் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "ஏம்மா, கண்ணை மூடிக்கலையா?" என்று கேட்டேன்.

"தரிசனம்னாலே பார்க்கறதுதானேடா. இத்தனை வருஷம் கண்ணை மூடிண்டே வந்துட்டுப் போயிருக்கேன்" என்றாள்.